கொல்லைக் கடலையும் அருளின் ரத்தமும்

ஜூலை 20, திங்கள்
ஆடிக்காற்று. கண்ணெல்லாம் மண். நீடாமங்கலத்தில் ரயில் தாமதம், தஞ்சாவூர் உணவுச் சோதனை லேபுக்கு லேட். டைரக்டர் முறைத்தார். முறைக்கட்டுமே.

தம்பி அருளுக்கு சவுதி மெடிக்கலில் 'அன்ஃபிட்'. சென்னையிலிருந்து காலையில் வந்து பையைப் போட்டவன் எழுந்திருக்கவே இல்லை. ஈரல் சோதனையில் எண் கூடுதலாம். காமாலைக் கிருமி இல்லை, அதையும் பார்த்துவிட்டார்கள். டாக்டர் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு நாளா குடிக்கிற?"

பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் சாராய நாற்றம் அடித்தாலே இடம் மாறுகிறவன். அப்பா குடித்துச் செத்ததைப் பார்த்தவன்.

அம்மாவின் அண்ணன் சேவியர் மாமா சவுதியிலிருந்து லீவில் வந்திருக்கிறார். விசா அவர் வாங்கிக் கொடுத்தது. சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அப்பன் ரத்தம், வேற எப்படி இருக்கும்? ஞாயித்துக்கிழமை கோயில்ல பூசை முடிஞ்சதும் பீடத்துக்கு முன்னாடி நின்னு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணட்டும். அப்பதான் மறு மெடிக்கலுக்கு ஏஜென்ட்கிட்ட பேசுவேன்."

எங்கள் ஊர் வழக்கம் இது. பைபிள் மேல் கை வைத்து, ஊர் பார்க்க. அப்பாவும் வைத்தார். ஒரு தடவையா, இரண்டு தடவையா!

குடிக்காதவன் "இனிமே குடிக்க மாட்டேன்" என்றால் நேற்றுவரை குடித்தான் என்றுதானே ஆகும்? விட மாட்டேன்.

ஜூலை 21, செவ்வாய்
வாங்க: சோப்பு, மண்ணெண்ணெய், அம்மாவுக்குத் தைலம்.

காலையில் அருளுக்குக் கடலை உருண்டை எடுத்து வைத்தாள் அம்மா. சித்திரையிலிருந்து தினமும். மெடிக்கலுக்குள் உடம்பு தேற வேண்டுமாம். அவனுக்கென்று ஒதுக்கியதால் நாங்கள் இருவரும் தொடுவதில்லை. இன்றைக்கு ஒன்றை உடைத்துப் பார்த்தேன். பருப்பு சுருங்கி, ஓரம் கறுத்து.

"இது என்னம்மா?"

"நம்ம கொல்லையில போட்டதுதான். நல்லதையெல்லாம் யாவாரி எடுத்துட்டுப் போயிட்டான். இது மழையில நனைஞ்சதுன்னு தள்ளிட்டான். கீழ கொட்டவா முடியும்? வறுத்து வெல்லம் போட்டா எல்லாம் ஒண்ணுதான்."

இங்கே எல்லா வீட்டிலும் இதே கதை. நெல்லோ கடலையோ, நல்லது சந்தைக்கு, கழித்தது அடுப்படிக்கு. பூஞ்சை விஷம் ஈரலைக் கெடுக்கும், வறுத்தாலும் போகாது என்று தெரிந்து, தினம் லேபில் அதையே சோதிக்கிறவள் நான். என் வீட்டு டப்பாவைத் திறந்து பார்க்கவில்லையே!

மிச்சக் கடலை முழுவதையும் பையில் கட்டிக்கொண்டேன்.

ஜூலை 22, புதன்
லேப். நல்லதும் கெட்டதும் கலந்தே அரைத்தேன். ஒரு கை அள்ளிப் பார்த்தால் ஏமாற்றிவிடும், விஷம் ஏதோ சில பருப்பில்தான் உட்கார்ந்திருக்கும். மெத்தனாலில் குலுக்கி, வடிகட்டி, குளோரோஃபார்மில் பிரித்து, தகட்டில் ஒரு பொட்டு. பக்கத்தில், ஒப்பிட, அந்தப் பூஞ்சை விஷமான அஃப்ளடாக்ஸின் அசலாக ஒரு பொட்டு. தகட்டைக் கரைப்பானில் நிறுத்தி, பொட்டுகள் மேலேறியதும் இருட்டறையில் புற ஊதா விளக்கு. இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே நீலத்தில் எரிந்தன. அதே விஷம்தான்.

டைரக்டர் எட்டிப் பார்த்தார். "யார் சாம்பிள்?"

"எங்க வீட்டுது சார்."

"ஏம்மா, எக்ஸ்போர்ட் சாம்பிள் அத்தனை காத்துக்கிட்டிருக்கு. வீட்டுக் கடலைக்கு இங்க என்ன வேலை?"

"வெள்ளைக்காரன் திங்கிறதுக்கு முன்னாடியே பாக்குறோம். என் தம்பி தின்னதுக்கு அப்புறமாவது பாக்கக் கூடாதா சார்?"

திரும்பிப் போய்விட்டார். வேலை போனால் போகட்டும்.

ஜூலை 23, வியாழன்
கடலையில் இருந்தால் போதாது. அவன் உடம்பில் இருக்கிறதா? மாமா அதைத்தான் கேட்பார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாலதிக்குப் போன். கூடப் படித்தவள், ஹைதராபாத்தில் ஆராய்ச்சி.

"ரத்தத்துல அல்புமின் புரதத்தோட அது ஒட்டிக்கிட்டு வாரக்கணக்கா இருக்கும்டி. சீரம் பிரிச்சு ஐஸ்ல அனுப்பு. புரதத்தை நொதி போட்டு அறுத்துத்தான் தேடணும், நாளாகும். ஆனா ஒண்ணு. தின்னான்னு சொல்லும். ஈரல் அதாலதான் கெட்டுச்சுன்னு சொல்லாது."

"எனக்கு அது போதும்டி."

அம்மாவிடம் சொன்னேன். "இத்தனை காலமா தின்னு யாரு செத்தா?" என்று கத்தினாள். பிறகு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.

ஜூலை 25, சனி
அருளிடம் ரத்தம் எடுத்து, சீரம் பிரித்து, மாலதிக்கு அனுப்பியாயிற்று. தெர்மாஸ் நிறைய ஐஸ். கூரியர்காரன், "என்னங்க, ஐஸ்கிரீமா?"

அருள்: "ஒரு சத்தியம்தானேக்கா. சொல்லிட்டு ஃபிளைட் ஏறிடறேன். விடேன்."

"நீ ஏறிடுவ. இங்க இருக்கிற நாங்க குடிகாரன் வீடுன்னு பேர் வாங்கணுமா? செத்த சும்மா இரு."

மாமாவிடம் சண்டை போட்டு, ரிப்போர்ட் வரும்வரை தவணை வாங்கினேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி
மாலதியின் ஃபேக்ஸ் வந்துவிட்டது! அருள் ரத்தத்தில் அந்த விஷம் இருக்கிறது. ஒப்பிட எடுத்த மற்றவர்கள் ரத்தத்தைவிட நிறைய. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

மாமா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேப்பர் ஆயிரம் சொல்லும். ஊர் வாயை இது மூடுமா? ஞாயிற்றுக்கிழமை சத்தியம், அவ்வளவுதான்."

அம்மா மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "நெசமா அவன் ரத்தத்துல இருக்கா?" ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு
வெயில். கோயில் நிறையக் கூட்டம். பூசை முடிந்தது, யாரும் கிளம்பவில்லை. மாமா எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்.

ஃபாதர் அருளைக் கூப்பிட்டார். எழுந்தான், பாவி. தடுக்க நானும் எழுந்தேன். அதற்குள் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து விறுவிறுவென்று போய், அவனை ஓரமாக நகர்த்திவிட்டு, பைபிள் மேல் தன் கையை வைத்தாள்.

"தங்கச்சி! என்ன பண்ற?" இது மாமா.

"சும்மா இரு அண்ணே. சத்தியம் நான் பண்றேன். என் புள்ள ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்ல. நான் உருட்டிக் குடுத்ததைத்தான் தின்னான். யாவாரி வேணாம்னு தள்ளினதை இனிமே என் புள்ளைங்களுக்குப் போட மாட்டேன். வெளையுற நல்லதை மொதல்ல நாங்க திங்கிறோம். மிச்சம் இருந்தா விக்கிறோம். ஆண்டவர் அறிய இது சத்தியம்."

இப்படி ஒரு சத்தியத்துக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் ஃபாதர் விழித்தார். நான்தான் ஆமென் சொன்னேன், சத்தமாக.