உறுப்பினர்கள் மறைக்கப்பட்டிருக்கிறார்கள்

1 செப்டம்பர் 2025, திங்கள்

வெள்ளனே பிடித்த மழை விடவில்லை. பள்ளியில் மெயில் சர்வர் இரண்டு முறை நின்றது. இரண்டு முறையும் எழுப்பிவிட்டேன். மத்தியானம் பள்ளியின் மனநல ஆலோசகர் ஷர்மிளா மேடம் வந்து, ஊழியர்களுக்காக ஒரு மெயில் குரூப் கேட்டார். வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் வியாழன் சாயங்காலம் அவர் அறையில் கூடிப் பேசுகிறார்களாம். ஆட்களை அவரே சேர்த்துக்கொள்வார்.

"நீங்களும் வரலாமே பிரியா" என்றார். வேலை இருக்கிறது மேடம் என்றேன்.

ஏப்ரலில் குழந்தை போனது. வயிற்றில் ஏழாம் மாதம், பெண். என் வீட்டுக்காரர் ஜெயமுருகன் மூன்றாம் நாளே அதே பள்ளிக்கு, ஜெனரேட்டர் ஷெட்டுக்கு, வேலைக்குக் கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. கல்லோடு குடித்தனம் நடத்துகிறேன். எனக்கும்தான் அழுகை வரவில்லை. இரண்டு கல்.

3 செப்டம்பர், புதன்

மாமியார் மன்னவனூரிலிருந்து பஸ்ஸில் பூண்டு போட்டுவிட்டிருக்கிறார். போனில், "வெரசா அடுத்தது உண்டாயிரும் தாயி, மனசப் போட்டு ஒழப்பிக்கிராத" என்றார். சரிங்கத்தை என்றேன். மூட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

9 செப்டம்பர், செவ்வாய்

ஷர்மிளா மேடம் போன். குரல் பதறியது. "குரூப் அட்ரஸ் அடிச்சா பக்கத்துல கூட்டல் குறி வருது பிரியா. அதை அமுக்கினா எல்லார் பேரும் தெரியுது. யாருக்கும் தெரியாதுன்னு சொல்லித்தான் சேர்த்தேன்."

தப்பு என்னுடையது. புதுக் குரூப் தொடங்கினால் உறுப்பினர் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்படிதான் வரும். நாம்தான் மறைக்க வேண்டும். எத்தனை குரூப் தொடங்கியிருப்பேன்! இதற்குப் போய் மறந்திருக்கிறேன்.

அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கக் கூட்டல் குறியை அமுக்கினேன். பெயர்கள் மளமளவென்று விழுந்தன. நடுவில் ஜெயமுருகன்.

மறைத்தேன். மறுபடி அமுக்கினேன். 'உறுப்பினர்கள் மறைக்கப்பட்டிருக்கிறார்கள்' என்று வந்தது. சரியாகிவிட்டது மேடம் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

10 செப்டம்பர், புதன்

அப்படியானால் வியாழக்கிழமை தோறும் மோட்டார் ரிப்பேர் என்று இவர் நேரம் கழித்து வருவது இதற்குத்தானா?

ஊர்ல இருக்கவங்ககிட்டல்லாம் பேச வாய் இருக்கு. என்கிட்ட மட்டும் இல்லையா? சுமந்தவ நான்தான?

கேட்டுவிடலாம். உனக்கு எப்படித் தெரியும் என்பார். என்ன சொல்வது — என் வேலையில் பார்த்தேன் என்றா?

11 செப்டம்பர், வியாழன்

இருட்டிய பிறகு வந்தார். "மோட்டார் மக்கர் பண்ணிருச்சு." சரிங்க என்று சோறு போட்டேன்.

15 செப்டம்பர், திங்கள்

நிர்வாக அதிகாரி குமரகுரு சார் சர்வர் அறைக்கே வந்தார். "அந்தக் குரூப்புல யார் யார் இருக்காங்கம்மா? டூட்டி போடும்போது தெரிஞ்சா நமக்கு நல்லதுல்ல?"

"அது மறைச்சு வச்சது சார். யாருக்கும் காட்டக் கூடாது."

"யாருக்கும்னா? நீங்க பாத்திருப்பீங்கள்ல?"

மேடத்தையே கேட்டுக்கங்க சார் என்று எப்படியோ சொல்லி அனுப்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் குரூப்பின் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டு மேடத்தை மட்டும் வைத்தேன். நினைத்தால் இப்போதும் திறக்கலாம், சர்வர் என் கையில்தான் இருக்கிறது. திறக்க மாட்டேன். ஆனால் பார்த்தது பார்த்ததுதானே?

வீட்டில் இவராகச் சொல்லும்வரை எனக்கு எதுவும் தெரியாது. சொல்லாமலே போய்விட்டால்? இப்படியே இரண்டு பேரும் கிழடாகிவிடுவோமா? பயமாக இருக்கிறது. ரொம்ப நாளைக்குப் பிறகு பயம் என்று ஒன்று.

18 செப்டம்பர், வியாழன்

மழை. இவர் வர நேரமாயிற்று. கேட்கவில்லை.

24 செப்டம்பர், புதன்

சாயங்காலம் சாமான் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நாளைக்கு ஒரு எடத்துக்குப் போறேன். நீயும் வர்றியா?"

"எங்கங்க?" என்றேன்.

குழாயை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"ஷர்மிளா மேடம் ரூமுக்கு. கொஞ்ச நாளாவே போறேன். மோட்டார்னு பொய் சொல்லிட்டேன்."

"அங்க என்ன பேசுவீங்க?"

"பாப்பாவப் பத்தித்தான். ஒங்கிட்ட எடுத்தா ஒடஞ்சு போயிருவியோன்னு..." விளக்கிய தட்டை எடுத்துக் கவிழ்த்தார். "அங்க பேரு சொல்லித்தான் பேசுவேன்."

"பேரா?"

"ஆஸ்பத்திரியில துணியில சுத்தி எங்கையில குடுத்தாங்கள்ல, பொதைக்கக் கொண்டுபோகச் சொல்லி. பேரில்லாம எப்படிக் கொண்டுபோறது? போற வழியில வச்சேன்."

இது எந்தத் திரையிலும் எனக்குத் தெரிந்திருக்காது. என்ன பேருங்க என்று கேட்டேன்.

"இளவேனில்."

நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். முழுதாகச் சொல்ல முடியவில்லை.