முப்பத்தெட்டாவது யோசனை

ஜூன் 8, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். ஏழே முக்காலுக்கு முக்கியமான ஒரு முடிவு எடுக்கப்பட்டது. சேவியரின் வலைத்தளத்தில் என் பெயர் ‘மாடித்தொட்டி’. படம்: எங்கள் ஃபிளாட்டின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, மேற்குப் பக்கத்திலிருந்து எடுத்தது. கிழக்குப் பக்கப் படத்தில் காக்கை எச்சம். இரண்டையும் ஒரு மணி நேரம் ஒப்பிட்ட பிறகே முடிவு.

பின்னால் நானே படித்துக் குழம்பாமலிருக்க: பதினோரு வருடமாகச் சனிக்கிழமை பத்து மணிக்கு நானும் சேவியரும் (இனி சே.) மந்தைவெளி காபிக் கடையில், மின்விசிறிக்குக் கீழே உள்ள மேஜையில். சொந்தத் தொழிலுக்கு யோசனைகள் பரிசீலிப்போம். விதி ஒன்றுதான். சரியான ஒரு காரணம் சொன்னால் யோசனை செத்தது. முப்பத்தேழு செத்திருக்கின்றன. நோட்டு என்னிடம்.

முப்பத்தெட்டாவது சே.யுடையது. புரோகிராமர்களுக்கு மட்டும் ஒரு சமூக வலைத்தளம். சந்தேகம் கேட்க, எழுதியதைக் காட்ட, மேனேஜரைத் திட்ட. ஒன்றே போதும், நான் ஒன்பது காரணம் சொன்னேன். “சரி மச்சி” என்றான். மறு வாரம் வரவில்லை. அவன் ஆபீசில் திவ்யா என்று ஒரு பெண், இருபத்தாறு வயது, கொட்டிவாக்கம். அவளோடு சேர்ந்து தளத்தைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். இப்போது அறுபது பேரை வைத்து ஒத்திகை. லிங்க் யார் கையில் கிடைத்தாலும் சேரலாம்.

உள்ளே போய்ப் பார்ப்பது பரிசீலனையின் ஒரு பகுதி. பொறாமை இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

கண்ட குறைகள்:
– முகப்பில் திவ்யா பெயர் மேலே, சே. பெயர் கீழே. அகரவரிசையாம். ஆங்கிலத்தில்.
– பதில் தெரிந்தவன் இரண்டு வரி எழுதுகிறான், தெரியாதவன் இரண்டு பக்கம். (என் ஆறாவது காரணம்.)
– பாதிப் பேர் வேலை தேடி வந்தவர்கள். (இரண்டாவது.)
– கரண்ட் பில், தோசை மாவு. இது வேறு பட்டியல்.

ஆறாவதை அப்படியே எடுத்துத் தளத்தில் போட்டேன். ‘குறை சொல்பவர் தீர்வும் சொல்லவும்’ என்று கீழே ஒரு பெட்டி. நிரப்பாமல் அனுப்ப முடியவில்லை. எழுதினேன்: பதிலில் உள்ள புரோகிராமைத் தளமே ஓட்டிப் பார்க்கட்டும், ஓடாதது மடங்கிக் கீழே போகட்டும். பத்து நிமிட வேலை.

எங்கள் நோட்டில் அப்படி ஒரு பெட்டி கிடையாது.

ஜூன் 12, வியாழன்

சாயங்காலம் மழை மாதிரி ஏதோ. மண் வாசனை மட்டும்.

ஆறாவது குறை போய்விட்டது. ஓடாத பதிலெல்லாம் மடங்கிக் கிடக்கிறது. எல்லாரும் பார்க்க சே. எழுதியிருக்கிறான்: ‘மாடித்தொட்டி அவர்களுக்கு நன்றி. மூன்று வாரமாக நாங்கள் தேடிக்கொண்டிருந்தது இதுதான்.’ பதினோரு வருடத்தில் எனக்கு ஒரு நன்றி சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, அது இன்றைய விஷயமல்ல.

கீதா: “போனைப் பார்த்துச் சிரிக்கறீங்களே, யாரு?”

சேவியர் என்றேன். அவனோடு பேச்சில்லை என்றீர்களே என்றாள். பேச்சில்லைதான். வேறு யாருக்கோ நன்றி சொல்கிறான்.

ஆபீசில் உட்கார்ந்து இரண்டாவதற்கும் ஏழாவதற்கும் தீர்வு எழுதினேன். ஆபீஸ் வேலை நாளைக்கு.

ஜூன் 14, சனி

மந்தைவெளி. கடைக்காரர்: “இன்னா சார், ஒண்டியா வந்துகீறீங்க? கூட்டாளி எங்க?”

பத்தரைக்குக் கூட்டாளி வந்தான். அடையாறில் வேலை, பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடமும் மாடித்தொட்டி. யாரோ, என்ன வயதோ, மயிலாப்பூர் ஆளாகத்தான் இருக்கும் என்றான். அப்புறம்:

“உன்னை மாதிரியே பேசறான் மச்சி. ஒரு குறைய விடமாட்டான். ஆனா இவன் அதோட நிக்கறதில்ல, எப்படிச் சரி பண்றதுன்னும் சொல்றான்.”

எழுத்து நடை சுமார்தானே என்று கேட்டுப் பார்த்தேன். நடையா முக்கியம் என்றான்.

மாதக் கடைசியில் வேலையை விடுகிறான். பார்ட்னர் இன்னும் ஒருவர் வேண்டும், திவ்யா கட்டுவாள், ஓட்டை பார்க்க ஓர் ஆள். மாடித்தொட்டி ஒத்துக்கொண்டால் அவன்தான். என்னைக் கேட்கவில்லை. ஒன்பது காரணம் சொன்னவனை எப்படிக் கேட்பான்.

மா.தொ.வை எனக்குப் பிடிக்கவில்லை. நாலு நாள் பழக்கம். என் காரணங்களை வைத்தே பிழைக்கிறான். வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில், மிச்சம் ஆறுக்கும் தீர்வு எழுதி அனுப்பினேன்.

ஜூன் 17, செவ்வாய்

லீவு. தி. நகர். கீதாவின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம், புடவை. இரண்டாவது மாடியில் கணவர்களுக்கென்று போட்டிருக்கும் பெஞ்சில் நான். பக்கத்தில் ஒருவர் போனில்: “எது எடுத்தாலும் நல்லாருக்குன்னு சொல்லிட்டேன்பா, அதுக்கும் கோச்சுக்கறா.”

சே.யிடமிருந்து மா.தொ.வுக்குத் தனிச் செய்தி. நீளம். வேலையை விடுவதற்குப் பயமாக இருக்கிறதாம். வீட்டில் ஒரு வாரமாகச் சரியாகப் பேச்சில்லையாம். ‘எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். எதையும் அவனிடம்தான் கேட்பேன். இதை மட்டும் கேட்க முடியவில்லை. வேண்டாம் என்றுதான் சொல்வான்.’ சனிக்கிழமை பத்து மணி, மந்தைவெளி, மின்விசிறிக்குக் கீழே மேஜை. வந்தால் மூன்று பேராகத் தொடங்கலாம். வராவிட்டால் இரண்டு பேர்.

என்னிடம் சொல்லாததை ஒரு தண்ணீர்த் தொட்டியிடம் சொல்லியிருக்கிறான்.

வருகிறேன் என்று மா.தொ. பதில் போட்டான். கீதா மாம்பழ மஞ்சள் எடுத்தாள்.

ஜூன் 21, சனி

சவரம். இஸ்திரி போட்ட சட்டை. பத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே போனேன். சே. அதற்கும் முன்பே. புதுச் சட்டை. பதினோரு வருடத்தில் எனக்காக ஒரு நாள் நேரத்துக்கு வந்ததில்லை.

எதிர் நாற்காலியை இழுத்தேன்.

“மச்சி, தப்பா நினைக்காத. இன்னிக்கு இந்தச் சீட்டு ஒருத்தருக்கு. நீ அந்தப் பக்கம் உக்காரு.”

சொல்ல வேண்டியது மூன்றே சொல். அது நான்தான் மச்சி. ஆட்டோவில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். சொன்னது வேறு.

“அவன் வரமாட்டான்.”

ஏன் என்று கேட்டான். பெயர் போடத் தைரியமில்லாதவன் முகம் காட்டமாட்டான் என்றேன். இரண்டாவது காரணமும் சொன்னேன். மூன்றாவதும். நாலாவதில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து மேஜை. காற்று வராது. இரண்டு காபி. யார் உள்ளே வந்தாலும் சே. பாதி எழுந்தான். கூரியர்காரர். சாம்பார் பார்சலுக்குத் தூக்கோடு வந்த ஒரு அம்மா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே வடை சாப்பிட்ட ஒருவர், அவரிடம் போய்க் கேட்கவும் கேட்டான்.

பன்னிரண்டு மணிக்கு எழுந்தான். போகும்போது என் தோளில் கை வைத்தான்.

“நீ சொன்னது சரி மச்சி.”

ஜூன் 23, திங்கள்

மேகமூட்டம். தோசை மாவு வாங்கியாயிற்று.

தளத்தில் அறிவிப்பு. மாடித்தொட்டி சொன்ன ஒன்பது திருத்தங்களும் சேர்க்கப்பட்டன. பொறுப்பாளர்கள் இருவர்: திவ்யா, சேவியர். ஆபீஸ் கொட்டிவாக்கத்தில், திவ்யா வீட்டு மாடி. வாராந்திரக் கூட்டம் சனிக்கிழமை, காலை பத்து மணி.