கல்லில் இருக்கும் அப்பாவின் பெயர்

ராதோம், போலந்து,
நவம்பர் 1990

அன்புள்ள தம்பி விதோல்டுக்கு, அக்கா ஹலினா எழுதுவது. சிகாகோவில் நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே அப்பாவுக்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. இந்தப் பனிக்காலத்தைத் தாண்டமாட்டார் என்கிறார் டாக்டர்.

போன வாரம் கல்தச்சர் வந்தார். அம்மாவின் கல்லறைக் கல்லில், அம்மா பெயருக்குக் கீழே, ஊர் வழக்கப்படி உயிரோடு இருக்கும்போதே செதுக்கிவைத்த அப்பாவின் பெயரை அழித்துவிடச் சொல்லி அவருக்கு எழுதினாயாமே. இடமும் கல்லும் நீ வாங்கியது, அதனால் உன் பேச்சுதான் செல்லுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் என்பதால் அப்பா, அம்மா பக்கத்தில் படுக்கக் கூடாதா? ஆயுசு முழுக்கப் பக்கத்தில்தானே படுத்தார்? அம்மா உன்னிடம் வந்து முறையிட்டாளா?

அப்பா செய்தது தப்புதான். எழுபத்தாறாம் வருஷ வேலைநிறுத்தம் முடிந்ததும், அதில் சேர்ந்தவர்களை நீக்கத் தொழிற்சாலைக் கூட்டத்தில் அவர் கை தூக்கினார். எதிர்வீட்டு செனோனுக்கு வேலை போனது. கட்சி சொன்னது என்று அவர் தப்பித்துக்கொள்ள முடியாது. தூக்கியது அவர் கை.

நீ மட்டும் யோக்கியமா? தென்னமெரிக்காவில் எவனோ ஒரு தளபதி தொழிற்சங்கக்காரர்களைக் கடலில் வீசியபோது, சிவப்பு ஒழிந்தது என்று எழுதி அவன் படத்தையும் அனுப்பினாய். போனில் கேட்டதற்கு, "அது வேற விஷயம்க்கா, அந்த நேரத்துக்கு அது தேவைப்பட்டுச்சு" என்றாய். செனோன் விஷயத்தில் அப்பா சொன்னதும் இதேதான், ஒரு வார்த்தை மாறவில்லை. கட்சியை எதிர்த்து நின்றவன் என்பதால் மட்டும் ஒருவன் கை சுத்தமாகிவிடுமா?

நீ கல்தச்சருக்கு எழுதியதைச் செனோனிடமே போய்ச் சொன்னேன். "உங்கப்பன நான் மன்னிக்கல, மன்னிக்கவும் மாட்டேன். அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. எங்கியோ உக்காந்துக்கிட்டு உன் தம்பி எதுக்கு என் கோவத்தைத் தூக்கிட்டு அலையறான்?" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை. கல்தச்சருக்கு மெதுவாகப் பேச வராது. "அவன் சொல்றது சரிதான், அழிச்சிரச் சொல்லு" என்று அப்பா சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து பீட்ரூட் சூப்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

உளியோடு வந்தால் காலை உடைப்பேன் என்று சொல்லிக் கல்தச்சரை அனுப்பிவிட்டேன். அழித்தே தீர வேண்டுமென்றால் நீ வந்து அழி. அதற்கு முன் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, ஏன் கை தூக்கினீர்கள் என்று கேள். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நீ அவரிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, நான் தடுக்கமாட்டேன்.

வழியில் மாதா உனக்குத் துணையிருக்கட்டும். பதில் சொல்ல அவருக்கு மூச்சு இருக்கும்போதே வந்து சேர்.

உன் அக்கா,
ஹலினா