கடைசிக் கணக்கை விட்டுவைக்கும் மகளுக்கு

திருக்காட்டுப்பள்ளி
9.2.2025, ஞாயிறு, காலை 6.40. நீ கோத்தகிரி போய் 241 நாள். உன்னிடமிருந்து வந்த கடிதம் பதினொன்று. பதினொன்றாவதில் நான்கே வரி.

அன்பு மகள் தஹ்மீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா, நஜ்மா, நான் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே குளிரில் உனக்கு இருமல் விட்டதா என்று எழுது. போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் கத்துவேன், அதனால்தான் எழுதுகிறேன். அறுவடை நேரம், பட்டறை வாசலில் கதிர் அறுக்கும் மிஷின் மூன்று நிற்கிறது, ஒவ்வொருத்தரும் மழை வருது தம்பி, மழை வருதுன்னு தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் கோத்தகிரிப் பள்ளி கிளாட்சன் சார் போன் செய்கிறார். உங்க பொண்ணு போடுற கணக்கெல்லாம் சரி சார், ஆனா மணி அடிச்ச பிறகுதான் தாளைக் குடுக்குது, கடைசிக் கணக்கைத் தொடுறதே இல்ல, 22ஆம் தேதி பரீட்சையிலயும் நேரத்துக்குள்ள முடிக்கலேன்னா மீத்திறன் வகுப்புல வச்சிருக்க முடியாது, முன்னாடியும் இப்படித்தானா என்கிறார். மறுநாள் உன் நான்கு வரி வருகிறது, எனக்கு வேகம் இல்லையாம், வந்துடட்டுமா அத்தா என்று. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்பானரைத் தூக்கி எறிந்தேன். எட்டு வயதில் என் டிப்ளமோ புத்தகத்தைப் புரட்டிக் கணக்குப் போட்டவளுக்கு வேகம் இல்லையாம்.

கேட்டுவிடலாம் என்று வெள்ளிக்கிழமை மதியம் உன் பழைய பள்ளிக்குப் போனேன். ஏழாம் வகுப்பு வரை நாலு வருடம் உனக்குப் பாடம் எடுத்த பாத்திமா மேரி டீச்சர்தான் இப்போது நஜ்மாவுக்கும். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து போனில் வருகைப் பதிவு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் தரையில் நம் நஜ்மா, கையில் சிவப்புப் பேனா, முன்னால் திருத்துவதற்கு நாற்பத்தொரு நோட்டு. விஷயத்தைச் சொன்னதும் டீச்சருக்குச் சிரிப்பு. தஹ்மீனாவா மெதுவு, யாரு சொன்னது தம்பி, முதல்ல முடிக்கிற பிள்ளைக்குத்தான் நான் சிவப்புப் பேனா குடுப்பேன், மூணு வருஷம் அது கையை விட்டு வேற யாருகிட்டயும் போகலையே, ஏழாவதுல மட்டும் என்னமோ தெரியல கொஞ்சம் அசந்துடுச்சு, சின்னது இப்ப அப்படியே அக்கா மாதிரி என்றார்கள். அப்ப இது எப்பங்க டீச்சர் படிக்கும் என்றேன். அதுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றார்கள். சத்தம் போட்டேன். பக்கத்து வகுப்பு ஜன்னல் நிறையத் தலை. டீச்சரும் விடவில்லை, ரெண்டு வகுப்பு எனக்கு, பத்துப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வரல, அந்தப் பத்தைப் பாக்கவா, எல்லாம் தெரிஞ்ச ஒண்ணைப் பாக்கவா, ஒரு நாள் நீங்க வந்து நின்னு பாருங்க தம்பி என்றார்கள். எனக்கு இன்னும் கோபம், நஜ்மாவின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வண்டியில் வரும்போது பின்னால் இருந்து நஜ்மா சொல்கிறாள், தஹ்மீனா லாத்தா ஊருக்குப் போறப்பவே சொல்லிக் குடுத்துச்சு அத்தா, கடைசிக் கணக்கை மட்டும் மணி அடிக்கிற வரைக்கும் போடாதே, போடலேன்னா சிவப்புப் பேனா வராதுன்னு, இன்னைக்கு மறந்துபோய் முடிச்சிட்டேன் என்று. கல்லணைக் கால்வாய்ப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். உனக்கு வேகம் இல்லாமல் இல்லை, வேகமாக முடித்தால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துபோய்விட்டது.

டீச்சரை மட்டும் திட்டலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பட்டறையில் ரெத்தினம் மாமா சிட்டா அடங்கலோடு உட்கார்ந்திருக்கிறார், பயிர் இன்சூரன்ஸில் ஏதோ திருத்தமாம், சின்னப் பாப்பா சும்மாத்தானே இருக்கு, ஒரு பாரம் எழுதித் தரச் சொல்லுங்க தம்பி என்கிறார். சும்மா இருக்கிறது. இதே வாசலில் உனக்கு நாற்காலி போட்டு, என் பொண்ணு அஞ்சு நிமிஷத்துல எழுதிடும் என்று ஊரைக் கூப்பிட்டது யார்? அந்த வருடம் நீ அறுபத்துமூன்று பாரம் எழுதினாய், நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். நடுவில் ஒரு நாள், பெல்ட் வழுக்குகிறதா இல்லையா என்பதை மிஷினை நிறுத்தாமலே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டாய். முதலில் பாரத்தை முடி என்றேன். இன்று வரை பதில் சொல்லவில்லை.

அந்த இடம் பிடிக்கவில்லை என்றால் வா, நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்து, அவர்கள் அனுப்பி, வராதே. அதை என்னால் பொறுக்க முடியாது. அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பியிருக்கிறாள், பாட்டிலைத் தலைகீழாக வைக்காதே. அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளையும் தெளிந்த மனதையும் தருவானாக. நான் செய்யப்போவது இது:

1. நாளை காலை பத்து மணிக்கு கிளாட்சன் சாருக்குப் போன். சிவப்புப் பேனா கதை முழுவதையும் சொல்வேன். அங்கே சீக்கிரம் முடிக்கிற பிள்ளைக்கு என்ன தருவீர்கள் என்று கேட்பேன். அடுத்தவர் நோட்டு என்றால் அவருக்கும் திட்டு உண்டு.

2. அறுவடை முடிந்ததும் வாரம் ஒரு மதியம் பள்ளிக்குப் போய் டீச்சரின் போன் வேலையை நான் செய்வேன். பதிலுக்கு நஜ்மா கையில் சிவப்புப் பேனா கூடாது. நேற்று போனில் கேட்டேன், டீச்சர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்கள்.

3. பாரம் எல்லாம் இனி நானே எழுதுவேன். ரெத்தினம் மாமாவுக்கு நேற்று எழுதியதில் இரண்டு தப்பு.

4. மூன்று மிஷினிலும் புல்லி அளவு, சுற்று வேகம் எல்லாம் எடுத்து அனுப்புகிறேன். உன் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது. பரீட்சைக்குப் பிறகு நீ பார்.

5. 21ஆம் தேதி ராத்திரி பஸ். 22 காலை பரீட்சை அறை வாசலில் நிற்பேன். கடைசிக் கணக்கையும் போட்டுவிட்டு, மணிக்குக் காத்திருக்காமல் எழுந்து வெளியே வா. உன் கையில் யாரும் எதையும் தர விடமாட்டேன்.

உன் அத்தா,
மு. அப்சர்