மூன்று மூலை, ஒரு கொட்டகை

ஜூலை 3, வியாழன்

பதினோராம் வகுப்பு இயற்பியல் பேப்பர் நாற்பது கிடக்கிறது. பத்துகூடத் திருத்தவில்லை. மண்டை முழுக்க ஆகஸ்ட் பத்து. சிட்லபாக்கத்தில் ஷட்டில் ஆடும் தகரக் கொட்டகையை அன்று மாலைக்குப் பேசி முடித்துவிட்டேன். தம்பி ஃபிரெடி டிரம்ஸ் அடிக்கும் ஹெவி மெட்டல் குழு, மாளவிகாவின் ராப், சவுரிமுத்து அண்ணாவின் கானா, மூன்றும் ஒரே நிகழ்ச்சியில்.

"மறுபடியுமா?" என்றான் ஃபிரெடி. மூன்றையும் எல்லோரும் கேட்கவேண்டும் என்று போன வருடமும் இதே ஆசையில்தான் நடத்தினேன். மெட்டல் முடிந்ததும் கறுப்பு டீ-ஷர்ட் கூட்டம் மொத்தமும் எழுந்து போய்விட்டது. கடைசியில் பாடவந்த சவுரிமுத்து அண்ணாவுக்கு எதிரே பதினோரு பேர். அவர் முழுசாகப் பாடிவிட்டு, டோலக்கை உறையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் காலை ஆராதனைக்கு மைக் பார்த்துவிட்டு நேரே பல்லாவரம். அண்ணா ஒரு இரும்பு கேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிழைப்பு வெல்டிங். சாவு வீட்டிலிருந்து ஆள் வந்தால் கானா.

"இன்னாம்மா ஜெரூஷா, மறுபடியும் காலி சேருக்குப் பாடணுமா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"இந்தத் தடவை யாரும் எழுந்து போகமாட்டாங்கண்ணா."

"சாவு வூட்ல ஒருத்தனும் எழுந்து போவமாட்டான். உசுரோட கீறவனை உக்கார வெக்கிறதுதான் கஷ்டம்." வெல்டிங் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். "வரேன். அன்னிக்கு எவனும் சாவாம இருந்தா."

வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்த தைரியத்தில்?

ஜூலை 19, சனி

வழி கிடைத்துவிட்டது! மேடையே வேண்டாம். கொட்டகையின் மூன்று மூலையில் மூன்று குழு. ஆளுக்கு ஒரு பாட்டு, மாற்றி மாற்றி, இடைவெளியே கிடையாது. தன் ஆளின் அடுத்த பாட்டு வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் கேட்டே ஆகவேண்டும்.

மாளவிகாவிடம் சொன்னேன். சிறுசேரியில் நாளெல்லாம் கணினி முன்னால் வாயே திறக்காதவள், மைக்கைப் பிடித்தால் பச்சை மிளகாய். "அக்கா, இது டீச்சர் புத்தி. கதவைப் பூட்டிட்டு கிளாஸ் எடுக்கறீங்க" என்றாள். ஆமாம், டீச்சர்தான். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 9, சனி

மழை. கேபிள் எல்லாம் பிளாஸ்டிக் பையில். கர்த்தாவே, நாளை பல்லாவரத்தில் ஒருவரும் சாகக்கூடாது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூங்குமுன் எழுதிவிடுகிறேன்.

இருநூறு பேருக்கு மேல். நாலு மணிக்கு அண்ணா தொடங்கினார், அடுத்து மாளவிகா, அடுத்து ஃபிரெடி. முதல் சுற்றில் கூட்டம் மூன்றாகப் பிரிந்து, அவரவர் மூலையைப் பார்த்தே நின்றது. இரண்டாவது சுற்றில் மெட்டல் சூடேறியது. சூடேறினால் நடுவில் வட்டம் விட்டு, தோளோடு தோள் மோதி ஆடுவது அந்தக் கூட்டத்தின் வழக்கம். எனக்குப் பழகிப்போனது. கானா கேட்க வந்தவர்களிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைக்கத் தோன்றவில்லை. முட்டாள்!

"டேய், அடிச்சிக்கிறானுங்கடா, வெலக்கி வுடு!" என்று அண்ணாவின் ஆட்கள் பத்துப் பேர் உள்ளே பாய்ந்தார்கள். முடி வளர்த்த ஒருவனை இடுப்போடு தூக்கி ஓரமாக வைத்து, "எதுனா இருந்தா பேசித் தீத்துக்கலாம்பா" என்கிறார் ஒருவர். அவன் முழிக்கிறான். பக்கத்தில் நிற்பவன் முறைக்கிறான். ஃபிரெடியின் கை நின்றுவிட்டது. பத்துப் பதினைந்து பேர் வாசல் பக்கம் நகர்கிறார்கள். போச்சு, எல்லாம் போச்சு. "சண்டை இல்லண்ணா, ஆட்டம்! அது ஆட்டம்!" என்று மைக்கில் கத்துகிறேன். பாதிதான் வெளியே வருகிறது.

சவுரிமுத்து அண்ணா டோலக்கைத் தோளில் மாட்டியபடியே வட்டத்தின் நடுவில் போய் நின்றார். "ஆட்டமா? எவனாவது உழுந்தா இன்னா பண்ணுவீங்க?"

"தூக்கி விடுவோம்ணா. யாரா இருந்தாலும். அது ரூல்" என்றான் முடிக்காரன்.

அண்ணா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "பொணத்துக்கு முன்னாடி நாம ஆடும்போது மட்டும் இன்னா பண்றோம்? அதேதான்டா. எடத்தை வுடுங்க." பிறகு ஃபிரெடியிடம், "அடி, தம்பி."

அடித்தான். அண்ணாவின் டோலக் அந்த அடிக்குள் நுழைந்தது. ஒத்திகை இல்லை, ஒரு பேச்சும் இல்லை. தகரக் கூரை அதிர்ந்தது. மாளவிகா தன் மூலையை விட்டு ஓடிவந்து வரி வரியாகக் கொட்டினாள். அண்ணா அதன்மேல் குரலை ஏற்றினார். விலக்கிவிட வந்த பத்துப் பேரும் வட்டத்துக்குள்ளேயே ஆடுகிறார்கள். வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். நான் மிக்ஸரில் கையே வைக்கவில்லை. பதினைந்து வருடமாக ஒலியைக் கூட்டிக் குறைக்கிறவள், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். ஆண்டவரே, எங்கிருந்து வந்தது இது? நான் கொண்டுவந்ததல்ல, அது நிச்சயம். அழுதேன். வெட்கமாகக்கூட இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

காது கொய்ங் என்கிறது. வகுப்பில் ஒலியலைகள் நடத்தினேன். நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் அண்ணாவிடமிருந்து போன். அவருடைய அம்மா தவறிவிட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் பாடினேன். எங்கம்மாவுக்கு வாய் தொறக்க வரலம்மா. ஃபிரெடியை டிரம்ஸ் எடுத்துகினு வரச் சொல்லு."

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினோம். மாளவிகா ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருந்தாள். தெருமுனையில் கறுப்பு டீ-ஷர்ட் நாற்பது பேர், எங்களுக்கு முன்பே. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

ஃபிரெடி பந்தலுக்குள் மெதுவாகத் தொடங்கினான். அண்ணா தலை நிமிரவில்லை. வெகுநேரம் டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது. பிறகு, அம்மாவின் தலைமாட்டிலிருந்து அண்ணாவின் குரல் எழுந்தது. ஃபிரெடி அடியைத் தணித்துக்கொண்டான்.