நாலாவது குரல்

துபாய் ரோடெல்லாம் வெள்ளத்தில் மூழ்கியதற்கு அடுத்த வருஷம், தை மாதம், ஞாயிறு ராத்திரி. எனக்கு எழுதத் தெரியாது. போனில் சொல்லி வைக்கிறேன்.

மகன் செல்வம் இன்று ஹத்தா அணைக்குக் கூட்டிப்போனான். மலையெல்லாம் மேகம். அந்த ஏரிக்கரையில் ஒரு காலத்தில் நாங்கள் நாலு பேர் கல் சுமந்தோம். மேகம் இறங்கினால் ஆள் தெரியாது என்று அவரவர் எண்ணைக் கத்துவோம். நான்தான் முதல் ஆள். இன்றும் பழக்கத்தில் "ஒண்ணு" என்று கத்திவிட்டேன்.

தண்ணீர்ப் பக்கமிருந்து "ரெண்டு" என்றது கோவிந்தன் குரல். "மூணு" என்றது சேவியர் குரல். இருவரும் செத்துப் பல வருஷம் ஆகிறது.

"யாரக் கூப்பிடுறீங்கப்பா? மழை வருது, வாங்க."

"சும்மா இருடா."

அடுத்த குரல் வந்துவிடக் கூடாதே என்று காது கொடுத்து நின்றேன். வரவில்லை. ஊரில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான் மாரிமுத்து.