கேட்டில் தொங்கிய பாஸ்வேர்ட்

யு.பி.எஸ். பேட்டரிகளின் மேல் போர்த்தியிருந்த பழைய ஃப்ளெக்ஸை இன்று காலை உருவி எடுத்தேன். வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் வாடை. அது மூக்கில் ஏறியதும் நீ எதிரே நின்று முறைப்பதுபோல் இருந்தது. பேட்டரி அறையில் நின்று அழுதேன் என்று எழுதினால் நீ சிரிப்பாய். முதலில் தும்மினேன். பிறகுதான் அழுதேன்.

நாளை பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா, இத்தோடு விடுவதா என்று பேச வருகிறார்கள். நீ மஞ்சள் காமாலை என்று படுத்து, எழுந்திருக்காமலே போனபின் சைபர் செக்யூரிட்டி துறை என் தலையில் விழுந்தது. உன் நாற்காலியில்தான் உட்காருகிறேன். அதற்கு ஒரு கால் ஆடும் என்று நீ ஒரு நாளாவது சொன்னாயா, பாவி?

அந்தப் பாடப்பிரிவு நம் கல்லூரிக்கு வேண்டும் என்று நீ பிடித்த பிடிவாதம் எனக்கல்லவா தெரியும். மாணவிகள் முன்னால் நாம் ஒருவருக்கொருவர் மேடம். காரிமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டால் அடியே, ஏன்டி. அந்த பஸ்ஸில்தான் தினமும் உன் புலம்பல். "நம்மகிட்ட புத்தகம் இருக்குதுடி. கம்பெனிக்காரங்ககிட்ட தெனமும் திருடன் வர்றான். திருடன பாக்காம பூட்டப் பத்தி எப்படிடி பாடம் எடுக்கறது?"

அதனால்தான் கம்பெனி வேண்டும் என்றாய். அவர்களுடைய என்ஜினியர்கள் இங்கே வந்து வகுப்பெடுக்க வேண்டும், கடைசி வருடம் நம் பிள்ளைகள் அங்கே போய் வேலை பழக வேண்டும். நம்மிடம் படிப்பவர்கள் பாதிப் பேர் மானாவாரிக் காட்டு வீட்டுப் பெண்கள். "பெங்களூர்ல சேத்தி படிக்க வெக்கறதெல்லாம் ஆவாதுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்ட அப்பாக்களை நாம் எத்தனை பேரைப் பார்த்தோம். அப்படியானால் பெங்களூரை இங்கே இழுத்து வருகிறேன் என்று நீ கிளம்பினாய். கம்பெனி வரவேற்பறை சோபாவில் நீ காத்துக் கிடந்த நேரத்தில் இன்னொரு டிகிரி வாங்கியிருக்கலாம். நிர்வாகமோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டது. கம்பெனி கையெழுத்துப் போட்டால் பாடப்பிரிவு, இல்லையென்றால் இல்லை.

கையெழுத்து விழாவுக்காக அடித்ததுதான் இந்த ஃப்ளெக்ஸ். நம் ஊரில் காது குத்துக்கே பேனர் கட்டுகிறோம், ஒப்பந்தத்துக்குக் கட்டாமல் இருப்போமா? கேட்டில் ஒன்று, மேடைக்குப் பின்னால் ஒன்று. புது லேபில் மாணவிகள் உட்கார்ந்து சிரிக்கிற போட்டோ. படம் இருட்டாக இருக்கிறதென்று ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தன் செலவில் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்திருந்தார். நல்ல மனுஷன்.

விழா அன்று காலை பஸ்ஸை விட்டு இறங்கினோம். பேனரைப் பார்த்தால் எல்லோரும் தங்கள் முகத்தைத்தான் தேடுவார்கள். நானும் தேடினேன், ஓரத்தில் பாதி முகம் இருந்தது. நீ நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டாய். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டுகிறான், நீ நகரவில்லை.

"அடியே, போர்டப் பாரு."

போட்டோவில் மாணவிகளுக்குப் பின்னால் வெள்ளைப் பலகை. பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்களே என்று லேப் சர்வரின் பாஸ்வேர்டை நீ அதில் எழுதி வைத்திருந்தாய். கல்லூரியின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. பிள்ளைகளின் இன்டர்னல் மார்க் எல்லாம் அந்த சர்வரில்தான். சைபர் செக்யூரிட்டி என்று மேலே கொட்டை எழுத்து. கீழே, அதைவிடத் தெளிவாக, பாஸ்வேர்ட். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து கேட்டில் தொங்கி, சந்தைக்குப் போன சனமெல்லாம் பார்த்திருக்கிறது.

நீ லேபுக்கு ஓடிப்போய் முதல் வேலையாக பாஸ்வேர்டை மாற்றினாய். நான் பூக்காரம்மாவிடம் ஓடினேன். மேடை பேனரில் அந்த இடத்தில் செண்டுமல்லிச் சரத்தைத் தொங்கவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சரத்தோடு நாற்காலி மேல் ஏறிவிட்டேன். நீ வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாய்.

"எறங்குடி. பூவ வெச்சு மூடுனா போச்சா?"

பிரின்சிபால் வேர்த்துக் கொட்ட ஓடி வந்தார். "மேடம், கையெழுத்து ஆவட்டுங்க. அப்புறம் என்ன வேணா சொல்லிக்கலாம். ஒகேனக்கல்ல மீன் சாப்பாட்டுக்கெல்லாம் சொல்லி வெச்சிருக்குதுங்க."

"மீன் எங்கீங்க சார் போவுது, ஆத்துலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு நீ மைக்குக்குப் போனாய்.

வரவேற்புரை உன்னுடையது. வணக்கம் சொன்ன கையோடு மாணவிகளைப் பார்த்து, "இந்த பேனர்ல ஒரு தப்பு இருக்குது. யாரு கண்டுபிடிக்கறீங்க?" என்றாய். கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து, "மேடம், பாஸ்வேர்டு!" என்று கத்தினாள். பந்தலே சிரித்தது. கம்பெனி மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

"அத எழுதுனது நான்தான். இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன். மாத்திட்டேன்" என்றாய்.

மேனேஜர் உட்கார்ந்தபடியே கேட்டார். "அதுக்குள்ள யாரும் உள்ள நுழையலன்னு உறுதியா சொல்ல முடியுமா?"

"இப்ப முடியாதுங்க. சர்வர் பதிவெல்லாம் பாத்துட்டு சாயங்காலம் சொல்றேன்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. மீன் சாப்பிடாமலே கார் கிளம்பிவிட்டது. யாரும் நுழையவில்லை என்று சாயங்காலம் தெரிந்தது. நீ சொன்னபடி மெயில் போட்டாய். பதில் இல்லை.

"வந்த லட்சுமிய வாசல்ல வெச்சே அனுப்பிட்டீங்களே மேடம்" என்றார் பிரின்சிபால். அன்றைக்கு பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாய். "நான் வாய மூடிட்டு இருந்திருக்கணுமாடி? இந்தப் புள்ளைங்க வேற எங்கடி போவாங்க?" கடலைப் பொட்டலத்தை உன் மடியில் வைத்தேன். நீ அதைத் தின்றதும் எனக்கு உயிர் வந்தது.

பாடப்பிரிவு அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டிய பிறகு, ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் அந்த மேனேஜர் இரண்டு என்ஜினியர்களோடு வந்து லேப் வாசலில் நின்றார். கன்னடம் கலந்த தமிழில், "எல்லா காலேஜ்லயும் எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்றாங்க மேடம். தப்பு எங்கன்னு சொல்ற எடத்துலதான் நமக்கு கெலசா, வேலை" என்றார். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டை எங்கே என்று நம் சர்வரைக் குடைந்தார்கள். அதுதான் முதல் வகுப்பு. கையெழுத்து லேப் மேசையிலேயே நடந்தது. பிரின்சிபால் சால்வை எடுத்து வருவதற்குள் முடிந்துவிட்டது. நீ கேட்டு ஒரு வரி சேர்த்தாய்: எந்தப் பக்கம் தவறு நடந்தாலும், தெரிந்த அன்றே மறுபக்கத்துக்குச் சொல்ல வேண்டும்.

சரி, நாளைய கதைக்கு வருகிறேன். இண்டூர் நந்தினி உனக்கு நினைவிருக்கும். முதல் வருடம் மவுஸைத் தொடவே பயந்தவள். இப்போது கடைசி வருடம், அந்தக் கம்பெனியில் வேலை பழகுகிறாள். நேற்று மதியம் போனில் அழுகிறாள்.

"மேடம், பொய் மெயில் ஒன்னத் தெறந்துட்டேன் மேடம். கம்பெனி மெஷின்ல."

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? என் மனசு ஒரு நொடியில் பூக்காரம்மாவிடம் ஓடிவிட்டது. நாளை மறுநாள்தான் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், இப்போதா இது நடக்க வேண்டும்? அந்தப் பேச்சு முடியும்வரை பொறு கண்ணு என்று வாய்வரை வந்துவிட்டது.

அதற்குள் அவள் சொன்னாள். "அவங்ககிட்ட உடனே சொல்லிட்டேன் மேடம். மெஷின நெட்வொர்க்குல இருந்து கழட்டிட்டாங்க. உங்களுக்கு ரெண்டாவதாத்தான் சொல்றேன், கோச்சுக்காதீங்க."

கோபமா? போனை வைத்ததும் உன் ஆடுகிற நாற்காலியைத் தட்டிக் கொடுத்தேன். நீ அவளுக்கு ஒரே ஒரு வருடம்தான் பாடம் எடுத்தாய்.

நாளை என்ன ஆகும் என்று தெரியவில்லை. பேனா திறக்கலாம், மூடலாம். பூச்சரத்தைத் தேடுகிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லையடி. புடவையைப் பிடித்து இழுக்க நீயும் இல்லை. அதனால் பழைய ஃப்ளெக்ஸைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்திருக்கிறேன். நாளைக்குக் கூட்ட மேடையில், அந்த பாஸ்வேர்ட் தெரிய, அதைத்தான் கட்டப் போகிறோம். பூ வாங்க வேண்டாம் என்று பியூனிடம் சொல்லிவிட்டேன்.